ஆவுடை வீட்டு வாசலில் விழுந்த சத்தங்கள்

ஆடி கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பால்பாண்டியின் மாவு மில் ஓடிக்கொண்டிருக்கும்போது, லில்லி டீச்சர் வீட்டுக் குக்கர் இரண்டாவது விசிலுக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் முதல் சத்தம் வந்து விழுந்தது என்று பஞ்சுப்பேட்டைத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி சொல்வார்கள். வேறு எந்த விஷயத்திலும் அந்தத் தெருவில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. விழுந்தது குக்கர் விசில்தான். வெள்ளையாக, ஒல்லியாக, பிழிந்து காயவைத்த வடகம் போலப் படியில் கிடந்தது. தெருக் கூட்ட வந்த மாரியம்மாள் அதை விளக்குமாற்றால் தள்ளினாள், அது ஒரு தடவை விசிலடித்தது, "வீட்டுக் குப்பைய வாசல்ல போடாதியன்னு எத்தன தடவ சொல்லுதது" என்று கத்திவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதிசயத்துக்கு அந்தத் தெரு கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

கோவில்பட்டியில் ஒரு காலத்தில் பஞ்சு குடோன்கள் இருந்த தெரு அது. குடோன்கள் மூடிவிட்டன, மெத்தை தைக்கிறவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்க முடியாத நாற்பது குடும்பங்களும் மிச்சம். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவதோடு நிறுத்த மாட்டார்கள், தாளித்தவளின் பிறந்த வீட்டையும் சேர்த்து இழுப்பார்கள். ஆனாலும் அவர்கள் எல்லோரும் கட்டுப்பட்ட ஒழுங்கு ஒன்று உண்டு. பத்திரிகை, போன், வாட்ஸ்அப் எல்லாம் ஊருக்குத்தான். தெருவுக்குள் நல்லது கெட்டது எதற்குச் சொல்வதானாலும் வாசலில் வந்து நின்று, பேர் சொல்லி, மூன்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் பேய்க்கு, ரெண்டு குரல் பிச்சைக்கு, மூணு குரல் சொந்தத்துக்கு என்பது அங்கே வாய்ப்பாடு. மூன்றுக்குக் குறைந்தால் அது அழைப்பில்லை, மூன்றுக்கு மேல் கூப்பிட்டால் கூப்பிட்டவருக்கு மானமில்லை.

ஆவுடையும் அவள் அக்கா சங்கரவடிவும் அந்தத் தெருவில் ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் இருந்தார்கள். அப்பா இரண்டு வாசல் வைத்துக் கட்டிய வீடு, அவர் செத்த பிறகு நடுக்கூடத்தில் சுவர் எழும்பியது, ஜன்னல் ஒன்று சரியாக நடுவில் வந்துவிட்டதால் அதையும் அறுத்து ஆளுக்கு மூன்று கம்பி எடுத்துக்கொண்டார்கள். பகைக்குக் காரணம் வீடல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்தபோது ஆவுடை நாகர்கோவிலில் இருந்தாள், அவளுக்குத் தகவல் வரவில்லை, மூன்றாம் நாள் எண்ணெய் வாங்கப் போன கடையில் கோவில்பட்டிக்காரன் ஒருவன் துக்கம் கேட்டபோதுதான் தன் அப்பா செத்ததே அவளுக்குத் தெரிந்தது. தலைவிரி கோலமாக வந்து இறங்கியவளிடம், "சொல்லிவிட்டேன், போனவன் சொல்லல" என்றாள் வடிவு. யாரிடம் சொல்லிவிட்டாய் என்ற கேள்விக்கு அன்றும் பதில் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அன்றைக்கு நடுத்தெருவில் மண்ணை வாரி இறைத்து ஆவுடை சொன்னது நாற்பது வீட்டுக்கும் மனப்பாடம். "இனி அவ எவ் வாசல்ல வந்து நின்னு மூணு குரல் குடுக்கட்டும். அப்பத்தான் அவ படிய மிதிப்பேன். இல்லன்னா எம் பொணங்கூட அந்தப் பக்கம் திரும்பாது." பிறகு புருஷனோடு வந்து தன் பாதி வீட்டில் குடியேறினாள், புருஷன் மாதத்தில் இருபத்தைந்து நாள் லாரியில் வடக்கே போய்விடுவான், அவளும் சுவருமாக இருந்தார்கள். ஏழு வருஷம் வடிவு குரல் கொடுக்கவில்லை. இந்த ஆவணியில் வடிவின் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் என்று மாவு மில்லில் பேசிக்கொண்டது ஆவுடையின் காதில் விழுந்தது. ஆவுடைக்குப் போக ஆசையாக இருந்தது, சோறு இறங்காத ஆசை. யாருக்கும் தெரியாமல் எட்டயபுரம் ரோட்டுக் கடையில் கிளிப்பச்சைப் பட்டு ஒன்று எடுத்து வந்து பீரோவுக்குள் தொங்கவிட்டிருந்தாள், அக்கா குரல் கொடுக்கும் நாளில் பிள்ளைக்குக் கொடுப்பதற்காக.

இதற்கு நடுவில்தான் அவளுக்கு ஒலிப்புத்தக வேலை வந்தது. சென்னையில் ஒரு நிறுவனம், முப்பத்தொரு அத்தியாயமுள்ள தடித்த குடும்பக் கதை, வீட்டிலிருந்தே வாசித்துப் பதிந்து அனுப்ப வேண்டும். ஆவுடைக்குக் குரல் வெண்கலம், பள்ளிக்கூடத்தில் தினமும் செய்தி வாசித்தவள். அனுப்பிய முதல் அத்தியாயம் மூன்று தடவை திரும்பி வந்தது. "மேடம், வாய்ஸ் சூப்பர். ஆனா பின்னாடி ஒரு லேடி யாரையோ திட்டிக்கிட்டே இருக்காங்க" என்றான் போனில் பேசும் ரோஷன் என்ற பையன். அது என் அக்கா, அவள் திட்டுவது என்னைத்தான் என்று ஆவுடை சொல்லவில்லை. "சரி பண்ணிருதேன் தம்பி" என்று போனை வைத்தாள், அன்றைக்கே தெருவையும் அக்காவையும் தன் வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

அவள் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னால் எதிரிக்குக் கோட்டை கட்டிய கதை மாதிரி இருக்கும். முதலில் லில்லி டீச்சர் சொன்னதைக் கேட்டு முப்பது முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினாள், முட்டை அட்டை சத்தத்தை நிறுத்தாது, பல்லியைத்தான் கூட்டிவரும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துப் பிய்த்தெறிந்தாள். பிறகு மெத்தைக்காரர் அருளானந்தத்தை வரச் சொல்லி, கல் மாதிரிப் பஞ்சு அடைத்த ஏழு மெத்தைகள் தைத்து, கதவுக்கு ஒன்று, ஜன்னல் பாதிக்கு ஒன்று, தெருச் சுவருக்கு இரண்டு, அக்கா சுவருக்கு மட்டும் மூன்று என்று நிறுத்தினாள். மூலைகளில் தலையணைகளை அடைத்தாள். பிரிட்ஜைப் பிடுங்கினாள், மின்விசிறியை நிறுத்தினாள், ரீங்காரமிடும் டியூப்லைட்டைக் கழற்றினாள். பீரோக் கதவுகளைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவில் முகத்தை வைத்து, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் நிறுத்தினாள், அப்போதுதான் 'ப' வருகிற இடத்தில் காற்று வெடிக்காது. அதற்கு முன்னால் எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்துக் கட்டினாள். கடைசியில் நடு அறையில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தாள். தட்டின சத்தம் தட்டின இடத்திலேயே செத்து விழுந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் கை தட்டலுக்கு அடுத்த நாள்தான் குக்கர் விசில் வாசலில் விழுந்தது. அது ஆரம்பம். உள்ளே போக வந்த சத்தங்கள் மெத்தையில் முட்டி, திரும்பிப் போக வழி தெரியாமல், வாசலிலேயே விழ ஆரம்பித்தன: மில்லின் கடகடப்பு கருப்புக் கட்டிகளாக, கோயில் ஒலிபெருக்கி பலாப்பழம் பலாப்பழமாக, கீரைக்காரியின் கூவல் பச்சை நாராக, நாய்க் குரைப்பு கொட்டாங்கச்சியாக, வசவுகள் மட்டும் பிழியாத துணி மாதிரி ஈரமாக. எதை எடுத்து உலுக்கினாலும் அது தன் சத்தத்தை ஒரு தடவை திருப்பிச் சொல்லும், மறுபடி உலுக்கினால் மறுபடி சொல்லும். ஒரு வாரத்தில் முழங்கால் உயரம், இரண்டாம் வாரம் இடுப்புயரம். குப்பை வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, "இது மக்குததா மக்காததா?" என்று கேட்டார், யாருக்கும் தெரியவில்லை, பிரித்துக் கொடுக்காத குப்பையை எடுக்க மாட்டோம் என்று போய்விட்டார்.

தெரு முதலில் மூக்கைப் பொத்தியது, பிறகு கையை விட்டுத் துழாவியது. அங்கேதான் வினை. லில்லி டீச்சர் தன் மாடியில் நின்று போனில் பேசியதில் பாதி அந்தக் குவியலில் கிடந்தது, அதைப் பால்பாண்டியின் மனைவி எடுத்து உலுக்கினாள். "அவன் மில்லுல அரைக்கக் குடுத்தா பாதி மாவு, பாதி கோலப்பொடி" என்றது. அன்று மாலை மில் வாசலில் டீச்சரின் குடை முறிந்தது. பால்பாண்டி தன் மைத்துனனைப் பற்றி என்ன சொன்னார் என்பதை மைத்துனன் கண்டெடுத்தான், மைத்துனன் தன் அம்மாவைப் பற்றி என்ன சொன்னான் என்பதை அம்மா கண்டெடுத்தாள். பத்து நாளில் ஏழு வீடுகள் பேச்சு வார்த்தையை முறித்தன, பேசாத வீடுகளுக்கு இடையில் இருந்த ஒன்றிரண்டு பேசும் வீடுகள் தூதுபோயே இளைத்தன. எல்லோருக்கும் ஒரே ஒரு விஷயம் புரிந்தது: குவியலில் தன்னுடையதும் கிடக்கிறது, அடுத்தவன் கைக்கு அது போவதற்குள் இதை ஒழித்துவிட வேண்டும். கோபம் முழுக்க ஆவுடை மேல் திரும்பியது, சத்தம் போட்டவன் மேல் ஒருவனுக்கும் கோபமில்லை.

"ஓம் வீட்டுக்குள்ள வராதது எங்க தெருவுல எதுக்குக் கெடக்கணும்?" என்று பால்பாண்டி கதவை உதைத்தார். அவர் தெரு நலச் சங்கத்தின் செயலாளரும்கூட. உதை சத்தமும் பொத்தென்று படியில் விழுந்தது. உள்ளே ஆவுடை பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருந்தாள். மைக்கில் அணுவளவு அழுக்கு இல்லை, பளிங்கு மாதிரிக் குரல், ரோஷன் "எப்படி மேடம் இவ்வளவு க்ளீனா?" என்று கேட்டிருந்தான். வியர்வையில் தொப்பலாக நனைந்து, வெந்நீரைக் குடித்து, வாசித்து, வாசித்ததை லேப்டாப்பில் திறந்து வெட்டி ஒட்டி அனுப்பினாள். இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும்: பத்து அத்தியாயம் ஓடினால் காது அலுத்துப்போகும், பிறகு கண்தான் வெட்டும். குரல் ஓடும் பச்சைக் கோட்டில் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே சின்னப் புடைப்பு தெரிந்தால் அது இருமல், தாள் புரட்டல், எச்சில் விழுங்கல், இப்படி ஏதோ ஒன்று. கேட்டுப் பார்க்காமலே வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் முன்கூட்டிப் பதிந்து வைத்த அறையின் மௌனத்தை ஒட்டிவிடலாம். ஆவுடையும் அப்படித்தான் செய்தாள். அத்தியாயத்தை மூல வடிவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்ததால் அதை மட்டும் தனியாக வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, சங்கரவடிவு தாம்பாளத்தில் குங்குமமும் வெற்றிலையும் தேங்காயும் வைத்துத் தன் வாசலில் இறங்கி, இடுப்புயரக் குவியலைச் சுற்றிக்கொண்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கச்சி வாசலில் வந்து நின்றாள். மில் நின்றது. கதவு திறக்கவில்லை. வடிவு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள், அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

ஆவுடை மதியம் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது தெருவே வாசலில் நின்றது. "ஒங்க அக்கா வந்து கூப்ட்டா. நீ கதவத் தொறக்கல" என்றாள் பால்பாண்டியின் மனைவி, அல்வா தின்பது மாதிரி.

ஆவுடையின் கையிலிருந்து குடம் நழுவியது. "எனக்குக் கேக்கலியே" என்றாள், முதலில் மெதுவாக. பிறகு அக்கா படியில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமாக, "கூப்ட்டிருந்தா கேட்டிருக்கும்! மூணு குரல் குடுத்தாளா?"

"மூணு குடுத்தேன்" என்றாள் வடிவு. "பிச்சக்காரி மாதிரி நின்னு மூணு குடுத்தேன்."

"இல்லம்மா" என்று மாடியிலிருந்து லில்லி டீச்சர் குனிந்தார். "நான் இங்கனதான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டுதான் கேட்டுது. ரெண்டு குடுத்துட்டுக் குனிஞ்சு தட்டக் கீழ வச்சாங்க, அப்புறம் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"மூணு."

"ரெண்டு."

"எம் மவ மேல சத்தியமா மூணு!" என்று வடிவு படியில் ஓங்கி அடித்தாள். கல்யாணப் பிள்ளை மேல் சத்தியம் செய்தது எல்லோருக்கும் ருசித்தது. ஏழு வருஷம் ஆவுடை காத்திருந்தது வந்துவிட்டுப் போயிருக்கிறது, அல்லது வந்த மாதிரி நடித்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டாவதை நம்புவதுதான் அவளுக்கு எளிதாக இருந்தது. அப்பா சாவுக்கும் இதே மாதிரிதானே, சொல்லிவிட்டேன் சொல்லிவிட்டேன் என்று. "குவியலப் பிரிங்க" என்றாள். "எவ் வீட்டுக்குள்ள வராதது எல்லாம் இங்கனதான் கெடக்கு. மூணு இருந்தா அவ கால்ல விழுதேன். ரெண்டு இருந்தா ஊரே சாட்சி."

குவியலைப் பார்த்துக் குலைநடுங்கிக்கொண்டிருந்த தெரு இதற்கு மட்டும் சம்மதித்தது. அடுத்தவள் அவமானத்தைப் பார்ப்பதற்குத் தன் அவமானத்தைப் பணயம் வைக்கத் தயங்காத ஜனம். புதன்கிழமை காலை சுளகுகளோடும் பழைய சேலைகளோடும் உட்கார்ந்து புடைத்தார்கள். தன்னுடைய வசவு அகப்பட்டவர்கள் அதை மடியில் செருகிக்கொண்டார்கள், அடுத்தவருடையது அகப்பட்டவர்கள் உலுக்கிக் காட்டினார்கள், மதியத்துக்குள் இரண்டு அடிதடி, ஒரு மயக்கம். மூன்று மணிக்கு மாரியம்மாள் படியோரத்திலிருந்து ஒன்றை எடுத்து உலுக்கினாள். "ஆவுடை!" என்றது வடிவின் குரல், கறாராக, தெருவுக்கெல்லாம் கேட்கும்படி. அதன் பக்கத்திலேயே இரண்டாவது, "ஏ ஆவுடை!" என்று இன்னும் உரக்க. இருட்டும்வரை புடைத்தார்கள். தரை தெரிந்தது. மூன்றாவது இல்லை.

"ரெண்டு குரல் பிச்சைக்கு" என்று பால்பாண்டி தீர்ப்புச் சொன்னார். தெரு சிரித்தது. பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் என்று யாரோ சொன்னார்கள், கல்யாணம் விளங்குமா என்று யாரோ கேட்டார்கள். ஆவுடையும் சிரித்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவள் தலையை நிமிர்த்தி அக்காவின் முகத்துக்கு நேரே சிரித்தாள். வடிவு வாயைத் திறந்தாள், தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள், மூடிக்கொண்டாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிரவே குவியலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள், ஒரு மணி நேரம் நாற்பது வீட்டு வாய்களும் ஒன்றாகக் கத்தி அடங்கின. மறுநாள் அருளானந்தம் வேறு ஏழு புது மெத்தைகளை இரண்டு நடையாக வடிவு வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் படுக்க என்று தெரு நினைத்துக்கொண்டது.

சனிக்கிழமை பிற்பகல் ரோஷன் கூப்பிட்டான். "மேடம், புக் ரெடி. ஒரே ஒரு இடம். இருபத்திரண்டாவது சேப்டர்ல ஒரு மூச்சு பாதில வெட்டுப்பட்டிருக்கு. அந்த ஒரிஜினல் பைல் இருந்தா அனுப்புங்க, நாங்களே பாத்துக்கிறோம்." திங்கட்கிழமை காலை வாசித்த அத்தியாயம் அது. ஆவுடை மூலப் பிரதியைத் திறந்தாள். கதையில் ஒருத்தி அழுது முடிக்கிறாள், ஆவுடையின் குரல் நிற்கிறது, தாள் புரளுகிறது, அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் பச்சைக் கோட்டில் ஒரு சின்னப் புடைப்பு. தான் வெட்டினது அவளுக்கு நினைவிருந்தது. ஹெட்போனை மாட்டி அளவைக் கூட்டினாள்.

"ஆவு" என்றது. அப்பாவும் அக்காவும் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஆவு, வந்துருட்டி. அப்பா செத்ததுக்கு நான் ஒனக்குச் சொல்லியே விடல. வீம்புல விட்டுட்டேன்."

தாம்பாளத்தைக் கீழே வைக்கக் குனிந்தவள், கதவுக்கும் படிக்கும் இடையிலிருந்த விரல்கடை இடைவெளியில் வாயை வைத்து, தெருவுக்குக் கேட்காமல் சொல்லியிருக்கிறாள். மெத்தை அந்த இடத்தில் அரை விரல் ஏறியிருந்தது. அது ஒன்றுதான் உள்ளே வந்தது. வந்ததை ஆவுடை காதால் கேட்டுத்தான் இருப்பாள், மனது அடுத்த வரியில் இருந்திருக்கும். சாயங்காலம் கண்ணால் பார்த்து வெட்டி, அந்த இடத்தில் மௌனத்தை ஒட்டியிருக்கிறாள். ஹெட்போனைக் கழற்றாமலே அவள் பீரோவுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். கிளிப்பச்சைப் பட்டு கண்ணீரில் நனைந்தது.

பிறகு மெத்தைகளை இழுத்துத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். மில் வாசலில் ஆட்கள் நின்றார்கள். "அண்ணாச்சி, மூணாவது இருக்கு. எவ் லேப்டாப்புல இருக்கு. அக்கா சொன்னது நெசம்."

பால்பாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டுக் காட்டு."

ஆவுடை வாயைத் திறந்தாள். அப்பாவுக்குச் சொல்லிவிடவில்லை என்று அக்கா தன் வாயால் சொன்னது, நாற்பது வீட்டுக்கும் கேட்காமலிருக்கத் தரையில் குனிந்து சொன்னது, இந்த மில் வாசலில், இந்த ஜனத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முதல் நாள். "காட்ட மாட்டேன்" என்றாள்.

"பின்ன இருக்குன்னு எப்படி நம்புதது?"

"நான் சொல்லுதேன்லா."

"அன்னைக்கு அவ சொன்னா, இன்னைக்கு நீ சொல்லுத" என்றாள் பால்பாண்டியின் மனைவி. "அக்காளும் தங்கச்சியும் ஒரே வித்துதான்." கூட்டம் சிரித்தது. தீர்ப்பு சொன்னது சொன்னதுதான், எரித்தது எரித்ததுதான் என்றார் பால்பாண்டி. யாரோ "பொய்க்காரி" என்றார்கள். ஆவுடை அதை வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை அக்கா வாயை மூடிக்கொண்டு வாங்கியதும் இதைத்தான் என்று அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்குள் போய்ப் பட்டுச் சேலையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, குங்குமமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, தன் படியிலிருந்து இறங்கி நாலே எட்டில் அக்கா வாசலுக்குப் போனாள். ஏழு வருஷமும் அந்த நாலு எட்டுதான் இருந்தது. தெரு அவள் பின்னால் வந்து அரைவட்டமாக நின்றது, இதைவிட்டால் இன்னொன்று கிடைக்காது என்று மாடிகளிலும் ஆட்கள் முளைத்தார்கள்.

"அக்கா!" என்றாள் ஆவுடை. பேர் சொல்ல வேண்டும் என்று யாரோ பின்னாலிருந்து அதட்டினார்கள். "சங்கரவடிவு அக்கா!"

குரல் கதவில் போய் முட்டியது, திரும்பியது, பொத்தென்று படியில் விழுந்தது. அருளானந்தம் தூக்கிப்போன ஏழு மெத்தைகள் எதற்கு என்று அப்போதுதான் தெருவுக்கு விளங்கியது.

"ஒண்ணு" என்று எண்ணினான் பால்பாண்டியின் மைத்துனன்.

"வடிவு அக்கா! கதவத் தொறக்கா!" அதுவும் விழுந்தது. "ரெண்டு" என்றார்கள் நாலைந்து பேர் சேர்ந்து. ஆவுடை அடிவயிற்றிலிருந்து, ஊர்க்கோடிக்குக் கேட்கிற வெண்கலக் குரலில், மூன்றாவதைக் கொடுத்தாள். மேல்மாடத்துப் புறாக்கள் எழும்பின, உள்ளே மட்டும் அசைவில்லை, மற்ற இரண்டின் மேல் மூன்றாவது போய் விழுந்தது. "மூணு" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்தது. லில்லி டீச்சர் மாடியிலிருந்து இறங்கினார். மில் ஓட ஆரம்பித்தது. ஆட்டம் முடிந்துவிட்டது, மூன்றுக்கு மேல் கூப்பிடுகிறவளுக்கு மானமில்லை, மானமில்லாதவளைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கௌரவம் இல்லை என்று அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஆவுடை தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். முட்டி போட்டுக் குனிந்தாள். படிக்கும் கதவுக்கும் இடையில் விரல்கடை இடைவெளி இருந்தது, இரண்டும் ஒரே அப்பா ஒரே ஆசாரியை வைத்துச் செய்த கதவுகள். அங்கே வாயை வைத்து, மில் சத்தத்தில் தெருவுக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்காதபடி, நாலாவது தடவை கூப்பிட்டாள், என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள்.

நிமிர்ந்து படியைப் பார்த்தாள். மூன்று கிடந்தன. எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதான் கிடந்தன. அவள் பட்டுச் சேலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.